ஏ பிளஸ் பிளஸ் இருந்தா கண்ண மூடிட்டு சேரலாமா?

கணக்கர்: "நாக் (NAAC) கிட்ட ஏ பிளஸ் பிளஸ் வாங்கின யுனிவர்சிட்டின்னா கண்ண மூடிட்டு கரஸ்ல சேரு"ன்னு, எம்பிஏ பத்திக் கேட்ட ஒரு பையனுக்கு முத்துவேல் நேத்து எழுதியிருக்காரு. படிச்சதும் வயிறு எரியுது. நாக், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடுற அமைப்பு; அது குடுக்குற தரம் மொத்த யுனிவர்சிட்டிக்கு. யுஜிசியோட டெப் (DEB), அதாவது தொலைதூரக் கல்விப் பிரிவு, குடுக்குற அனுமதி படிப்புவாரியா, செஷன்வாரியா. ஒரே யுனிவர்சிட்டில எம்.ஏ. தமிழுக்கு இருக்கலாம், எம்பிஏவுக்கு இல்லாமப் போகலாம். டெப் தளத்துல சேரப்போற செஷனை எடுக்கணும், ஜூலையா ஜனவரியான்னு. யுனிவர்சிட்டி பேருக்குள்ள போய்ப் படிப்பு பேரு எழுத்து மாறாம இருக்கான்னு பாக்கணும். தொலைதூரமா ஆன்லைனான்னும் பாக்கணும். அப்புறம்தான் பணம்.

முத்துவேல்: யுஜிசியோட 2020 தொலைதூர, ஆன்லைன் கல்வி விதிமுறைய முழுசா படிச்சுட்டு வாங்க சார். யுஜிசி முதல் வகைன்னு (கேட்டகரி-1) பிரிச்ச யுனிவர்சிட்டிக்கு முன் அனுமதியே வேணாம்.

கணக்கர்: அந்த முதல் வகைப் பட்டியலும் டெப் தளத்துலதான் கெடக்கு. எந்தெந்தப் படிப்புன்னும் அதுலயே போட்டிருக்கு. பட்டியல்ல இல்லாத படிப்புக்கு ஏ பிளஸ் பிளஸ் என்ன பண்ணும்?

முத்துவேல்: தரமே இல்லாதவனுக்கு ஏ பிளஸ் பிளஸ் குடுப்பாங்களா? 2024ல இருந்து டெப் ஐடி இல்லாம அட்மிஷனே கிடையாது. ஐடி வந்துட்டா படிப்பு ஓகேன்னுதானே அர்த்தம்?

கணக்கர்: அய்யா, அது மாணவனோட நம்பர்! டிஜிலாக்கர்ல ஏபிசி ஐடி (மாணவனோட கிரெடிட்டச் சேத்து வெக்கிற கணக்கு நம்பர்) எடுத்து, அத வெச்சு அவனே போட்டுக்கறது. படிப்புக்கு அனுமதி இருக்கான்னு அந்த நம்பர் சொல்லாது. போன மாசம் பி.எட். ஆன்லைன்ல முடிக்கலாம்னு சொன்னதும் நீங்கதானே? தொலைதூர பி.எட்.டே ஏற்கனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்குத்தான்.

முத்துவேல்: பி.எட்.டை எதுக்கு இழுக்குறீங்க? வாதம் தீந்துபோச்சா?

தென்காசி செல்வி: ரெண்டு அண்ணனும் ஸ்டடி சென்டரப் பத்திப் பேசவே இல்ல. வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்விக்கு இங்க சென்டர் வெக்கக் கூடாது. ஃபிரான்சைஸுக்கும், அதாவது வேற ஆளுக்கு நடத்தக் குடுக்குறதுக்கும், தடை. ஏஜென்ட் பேருக்கு ஜிபே பண்ணச் சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடணும்.

முத்துவேல்: ஆன்லைன் படிப்புக்கு மாநில எல்லை இல்லம்மா. அரைகுறையா சொல்லாத.

தென்காசி செல்வி: நான் தொலைதூரம்னுதான் எழுதியிருக்கேன். கண்ணாடி போட்டுப் படிங்க.

பழனிக்குமார்: அதவிட முக்கியம், பிளஸ் டூ முடிக்காம ஓப்பன் யுனிவர்சிட்டில வாங்குன டிகிரி தமிழ்நாட்டு அரசு வேலைக்கு உதவாது. 2009 அரசாணை 107ஐ எடுத்துப் பாருங்க.

முத்துவேல்: ஏழைப் பிள்ளைங்க படிக்கவே கூடாதுங்குறீங்களா?

பழனிக்குமார்: படிக்கட்டும். டிஎன்பிஎஸ்சி கனவோட மூணு வருஷம் ஃபீஸ் கட்டுறவங்க கிட்ட முன்னாடியே சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.

கணக்கர்: எல்லாரும் எங்கயோ போயிட்டீங்க. இன்னொன்னு. ஏஜென்ட் காட்டுற அனுமதிக் கடிதத்துல எந்தக் கல்வியாண்டுன்னு பாருங்க. ரெண்டு வருஷம் முந்தின கடிதத்த ஜெராக்ஸ் போட்டு நீட்டுவான். அப்ப ஏ பிளஸ் பிளஸ் காப்பாத்தாது.

முத்துவேல்: உங்களுக்கு ஏ பிளஸ் பிளஸ் மேல என்ன கோவமோ! அந்தத் தரத்துக்கு மதிப்பு இருக்கு, இருக்கு, இருக்கு.

கணக்கர்: அந்தப் பையன் கேட்ட எம்பிஏ, இந்த செஷன் பட்டியல்ல எந்த வரியில இருக்கு? அத மட்டும் காட்டுங்க.