விமான மாதிரியின் இரு பாதிகள் ஒட்டும்போது விரிகின்றன

நல்லூர் வாசகர்: 1:72 அளவிலான பிளாஸ்ரிக் விமான மாதிரியொன்றைப் பொருத்தி வருகிறேன். உடற்பகுதியின் மூக்கு பொருந்தினால் வால் விரிகிறது. சுப்பர் குளூ பூசி இறுக்கிப் பிடித்தால் போதுமா?

பருத்தித்துறை வாசகர்: போதாது, தம்பி. சுப்பர் குளூ உடனே இறுகுவதால் பிழையைத் திருத்த நேரம் கிடைக்காது. இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் பொலிஸ்ரைரீனால் ஆனவை. அதற்குரிய திரவப் பசை பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரு விளிம்புகளையும் ஒன்றாக்கிவிடும். முதலில் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, மூக்குப் பக்கத்தை இறப்பர் வளையத்தால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பசையைத் தொட்டுவைத்தால் அது இடுக்கு வழியே தானாக ஓடும். அது பிடித்த பின்னரே வாலை நோக்கிச் சிறிது சிறிதாகச் செல்லுங்கள். இணைப்பின் மேல் ஒட்டுநாடா கிடக்கும் இடத்தில் மட்டும் பசையைத் தொடாதீர்கள், ஏனெனில் அது நாடாவுக்கு அடியில் பரவி மேற்பரப்பைக் கெடுத்துவிடும். அரத்தாள் போடுவதற்கு முன் ஒரு நாள் விட்டுவிடுவது நல்லது.

கொக்குவில் வாசகர்: உடுப்புக் கொழுவும் மரக் கிளிப்பைக் கழற்றி, கட்டைகளைத் திருப்பிப் பூட்டினால், ஒடுங்கிய இடங்களுக்கு ஏற்ற கவ்வி கிடைக்கும், என் கணிப்பில் கடைக் கவ்விகளிலும் அது மேல். அளவுக்கு மீறி இறுக்கினால் மென்மையான விளிம்பு நசுங்கும். விமானியறையின் கண்ணாடி மூடிக்கு மரத்துக்குரிய வெள்ளைப் பசையே உகந்தது, சுப்பர் குளூவின் ஆவி அதை மங்கச் செய்யும்; மாரிகால ஈரக்காற்றில் இன்னும் மோசம்.

நல்லூர் வாசகர்: நன்றி. உட்புறத்துக்கு வர்ணம் பூசிவிட்டேனே?

பருத்தித்துறை வாசகர்: விளிம்பில் உள்ள வர்ணத்தை மட்டும் சுரண்டிவிடுங்கள், பசை பிளாஸ்ரிக்கைத் தொட வேண்டும்.