மறு: இடுப்புத் தளப் பயிற்சி – ‘ஏணைத்தசை’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான் கேட்டது ஒரு சொல்: கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசைக்கு (pelvic floor) அம்மாக்களுக்கு விளங்கும் ஒரு பெயர். மூன்று நாளில் பதினொன்று வந்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. ஆனால் அந்தச் சொல் எங்கே போய் உட்காரப் போகிறது என்பதை முதல் மடலில் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. பிழை என்னுடையது. இது அகராதிக்கு அல்ல. கருப்பை இறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை என்று முடிவாகி, நாள் வரும்வரை வீட்டில் காத்திருக்கும் அம்மாக்களின் கையில் கொடுக்கும் ஒரு தாளுக்கு. கிழக்கிலங்கையில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். மருமகள்தான் வாசித்துச் சொல்லவேண்டும். அவள் சத்தமாக வாசிக்கக் கூச்சப்படாத சொல்லாகவும் இருக்கவேண்டும்.

இப்போது தாளில் இருப்பது ‘இடுப்புத் தளத் தசைப் பயிற்சி’. மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் பழுதில்லை. ஆனால் மருதமுனைப் பக்கத்து உம்மா ஒருவர் அந்தத் தாளைக் கொண்டுபோய், இரண்டு கிழமை கழித்து வந்தார். “செய்யிறீங்களா உம்மா?” என்று கேட்டேன். “ஓம் மகள், ஒருநாளும் விடல்ல” என்று எழுந்து நின்றார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு. பள்ளிக்கூட மைதானத்தில் செய்வோமே, அதேதான். “நாரி நோவுக்கும் நல்லாத்தான் இருக்கு” என்று சான்றிதழ் வேறு.

அவர் மேல் என்ன பிழை? இடுப்பு என்றால் சேலை செருகும் இடம். தளம் என்றால் சீமெந்துத் தளம், மேல்தளம். நாம் சொல்ல வந்த தசையோ இரண்டு காலுக்கும் நடுவில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தொய்வாகக் கிடக்கிறது. இருமினால் இறங்கும், மூச்சை விட்டால் ஏறும். தளம் அப்படி அசைந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

சரி என்று என் துப்பட்டாவின் இரண்டு முனையையும் இரண்டு கதிரையில் கட்டினேன். ஒரு கதிரை முன்னெலும்பு, மற்றது வால் எலும்பு. நடுவில் தண்ணீர்ப் போத்தலை வைத்தேன். துணி தொய்ந்து அதைத் தாங்கியது. நான் வாய் திறக்கும் முன்னமே அவர் “ஏணை!” என்றார், பிள்ளையைக் கிடத்தி ஆட்டும் துணித் தொட்டில். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆறு புள்ள கிடந்த ஏணை மகள், தொஞ்சிதானே போகும்” என்றார்.

அன்றைக்கே என்னளவில் சொல் முடிவாகிவிட்டது. இந்த மடல் உங்களை இணங்கவைக்கத்தான்.

வந்த சொற்களுக்கு வருகிறேன். ‘கூபகத் தரைத் தசை’ (கூபகம் என்றால் இடுப்பெலும்புக் கூடு) கட்டுக்கோப்பான சொல். மருத்துவ மாணவர்களுக்குப் பொருந்தும். என் தாளுக்கு ஆகாது. பள்ளிப் பாடநூலில் உள்ள ‘இடுப்பு வளையம்’ என்பதிலிருந்து கட்டலாம் என்றார் ஒருவர். எங்கள் கிளினிக்கில் வளையம் என்றால், இறங்கியதைத் தாங்க உள்ளே வைக்கும் ரிங். ‘வளையத் தசை’ என்று எழுதினால், ரிங்கைக் கழற்றிக்கொண்டு வரவா என்று கேட்பார்கள். ‘கெகல் பயிற்சி’ என்றே விடலாம் என்றவருக்கு: 1948இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கெகலுக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் நாட்டில் கேகாலை என்று ஒரு ஊர் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார்.

நான் கடுமையாக மறுப்பது ஒன்றைத்தான்: ‘கருப்பை ஏற்றப் பயிற்சி’. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொய் வாக்குறுதி. வெளியே வந்துவிட்ட கருப்பையை எந்தப் பயிற்சியும் திரும்ப ஏற்றாது. இறக்கம் குறைவாக உள்ளவர்களுக்குப் பாரம், இழுவை போன்ற தொல்லைகள் பயிற்சியால் குறைகின்றன. 447 பெண்களை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில் 374 பெண்களிடம் செய்த இன்னொரு ஆய்வில், சத்திரசிகிச்சையை ஒட்டிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இரண்டு வருடம் கழித்து இறக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் ஏன் கற்றுக்கொடுக்கிறோம்? தையலும் நோவுமாகக் கிடக்கும்போது புதிதாக ஒரு தசையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இருமும்போது, வாளி தூக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் முன்னமே கைவந்திருந்தால் நல்லது. அதற்கு மேல் சொல் வாக்குக் கொடுக்கக்கூடாது. ‘ஏணைத்தசைப் பயிற்சி’ எந்த வாக்கும் கொடுக்கவில்லை, இடத்தை மட்டும் காட்டுகிறது.

ஏணைக்கு எதிரான வாதங்களில் ஒன்று நியாயமானது. ஏணையில் துளை இல்லை. இந்தத் தசையின் நடுவே சிறுநீருக்கும் பிள்ளைக்கும் மலத்துக்கும் வழி இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், உவமை அவ்வளவுதான் நீளும். ஆண்களுக்கும் உள்ள தசைக்குப் பெண்மை தொனிக்கும் பெயரா என்பது சரியில்லை. அவர்களும் ஏணையில் கிடந்தவர்கள்தான். ‘தமிழ்நாட்டில் தூளி, தொட்டில் என்போம், இது வட்டார வழக்கு’ என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். கிழக்கிலிருந்து ஒரு சொல் கடல் தாண்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. (physiologyயை உடற்றொழிலியல் என்று நாக்குப் புரளப் படித்தவர்கள் நாங்கள். நீங்கள் ஏணை என்று சொல்லமாட்டீர்களா?)

இனி வினைச்சொல். இதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. ‘இறுக்குங்கள்’ என்றால் வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட மோசம், சிலர் முக்குகிறார்கள். பிள்ளைப்பேற்று அறையில் ‘முக்கு புள்ள, முக்கு’ என்று கேட்ட காது அல்லவா? அந்த இடத்துக்கு ஏதாவது செய் என்றால் உடம்பு அதைத்தான் செய்யும். இங்கே தேவைப்படுவது நேர் எதிரானது. காற்றையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குவதுபோல மூடி, மேலே எடுக்கவேண்டும். அதனால் ‘ஏந்துங்கள்’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன்:

“மூச்சை இயல்பாக விட்டபடி ஏணையை மேலே ஏந்துங்கள். முடிந்த அளவு பிடியுங்கள், பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். பிறகு அதே அளவு நேரம் தளரவிடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு, நாளைக்கு மூன்று தடவை. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவேண்டாம்.”

‘இறக்கம்’ பற்றி ஒரே வரி. கருப்பை மட்டும் இறங்குவதில்லை, சிறுநீர்ப்பையும் மலக்குடலும் இறங்கும். கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் வரும். ஆகவே தாளின் தலைப்பில் ‘உறுப்பிறக்கம்’ என்று போட்டு, கீழே அவர்கள் வாயில் வருவதுபோல ‘கீழால வருது’ என்றும் சேர்த்திருக்கிறேன்.

நேற்று அதே உம்மாவிடம் புதிய வரிகளை வாசித்துக் காட்டினேன். ‘ஏந்துங்கள்’ வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் குவித்து, துஆக் கேட்பதுபோல மேலே நீட்டினார். பயிற்சி கைக்கு இல்லை என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. ‘மேலே எடுங்கள்’ என்று மாற்றவா, அல்லது ‘ஏந்து’ இருக்கட்டுமா? வியாழக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. புதன் இரவுக்குள் எழுதுங்கள்.