அம்மோலைட் கல்லை மோதிரமா கட்டலாமா?

அனுப்பானடி:
வணக்கம். கனடாவுல கால்கரியில இருக்குற சின்ன மாமா ஊருக்கு வந்தப்ப அம்மாவுக்கு ஒரு கல்லு கொண்டாந்து குடுத்தாரு, பேரு அம்மோலைட்டாம். இப்பிடித் திருப்புனா செவப்பு, அப்பிடித் திருப்புனா பச்சை, ஓரத்துல ஒரு கீத்து நீலம். அம்மாவுக்கு அதை மோதிரமா கட்டி தினமும் போடணும்னு ஆசை. தெற்காவணி மூல வீதியில ஒரு கடையில காட்டுனா ஓபல் மாதிரி இருக்கு ஆனா ஓபல் இல்லைங்குறாங்க, வேலைக்கு வாங்க யோசிக்கிறாங்க. இது நெசக் கல்லுதானா? தாங்குமா? எந்த ராசிக்கு ஆகும்னும் அம்மா கேக்குறாங்க.

வைகைக்கரை:
நெசந்தான் தம்பி. அம்மோனைட்னு சுருண்ட ஓட்டுக்குள்ள இருந்த கடல் பிராணி, நம்ம வீட்டுப் பூஜையில வக்கிற சாளக்கிராமத்துல சக்கரமாத் தெரியுதே, அந்த இனம், அதோட ஓடுதான் இந்தக் கல்லு. கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணத்துல தெக்குப் பக்கம் ஏழு கோடி வருசத்துக்கு முன்னாடி கடலா இருந்த எடம், அங்க சேத்துல பொதைஞ்ச ஓடு அப்பிடியே அரகோனைட்டாவே, அதாவது அசல் ஓட்டுல இருந்த சுண்ணாம்புப் படிகமாவே தங்கிருச்சு, அதுதான் அதிசயம், மத்த எடத்துல பெரும்பாலும் அது கால்சைட்டுங்குற வேற படிகமா மாறி பளபளப்பு போயிரும். முத்துச்சிப்பி உள்பக்கம் மினுங்குறதும் இதே அரகோனைட்தான். ஏடு ஏடா அடுக்கியிருக்குறதுல வெளிச்சம் பட்டுத் திரும்புறப்ப கலர் வருது. ஏடு தடிமனா இருந்தா செவப்பு பச்சை, மெலிசா இருந்தா நீலம் ஊதா, மெலிசு ஏடு அழியாமத் தங்குறது அபூர்வங்குறதால உங்க நீலக் கீத்துக்கு மதிப்பு ஜாஸ்தி. 1981லதான் இதை நகைக்கல்லா உலக அளவுல ஏத்துக்கிட்டாங்க, நவரத்தினத்துல சேராது, அதனால ராசி பாக்க வேணாம், அம்மாவுக்குப் பிடிச்சாப் போடட்டும்.

பட்டறைக்காரர்:
கடைக்காரவுக யோசிச்சது நல்லதுக்குத்தான். இதோட கடினம், வைரத்தைப் 10னு வக்கிற மோஸ் அளவுல, 3.5லருந்து 4.5க்குள்ள, தூசியில இருக்குற மணலே கீறிரும். லென்ஸ் வச்சுப் பக்கவாட்டுல பாருங்க: அடியில கறுப்பா களிப்பாறை, நடுவுல மயிரிழை கணக்கா கலர், மேல கண்ணாடி மாதிரி மூடி இருந்தா அது ட்ரிப்லெட், மூடி ஸ்பைனல், குவார்ட்ஸ்னு கெட்டியான தெளிஞ்ச கல்லா இருக்கும். மூடி இல்லன்னா மோதிர ஆசையே வேணாம், டாலரா கட்டுங்க. மூடி இருந்தாலும் பாத்திரம் கழுவுற கையில வேணாம். முக்கியமா ஆசாரிகிட்ட சொல்லிருங்க, பத்தவைக்கிற வேலை, ஆசிட்ல போடுற வேலை எல்லாம் முடிஞ்ச பெறகுதான் கல்லைப் பதிக்கணும், ஓடுங்குறது சுண்ணாம்புச் சத்து, ஆசிட் பட்டா நுரைச்சுக் கரைஞ்சுரும். வீட்லயும் எலுமிச்சை, புளி வச்சு வெளக்கக் கூடாது, சென்ட் படக்கூடாது, ஒட்டுன கல்லுங்குறதால தண்ணியில ஊறப்போடவும் கூடாது, ஈரத்துணியால தொடச்சாப் போதும்.

திருமங்கலத்தான்:
நம்ம அரியலூர்லயும் அம்மோனைட் கெடைக்குது, வாரணவாசியில மியூசியமே இருக்கு. கலர் இருக்காது, ஆனா அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, கல்லோட கதை சட்டுனு புரியும்.

அனுப்பானடி:
ரொம்ப நன்றிண்ணே. பக்கவாட்டுல பாத்தேன், மேல மூடி இருக்கு, அடியில கறுப்பாத்தான் இருக்கு. அம்மாகிட்ட சொன்னேன், டாலரே போதும்னுட்டாங்க. சுத்தி முழுசா வெளிம்பு மூடுற மாதிரிக் கட்டுனா நல்லதா, இல்ல நாலு கொக்கி போதுமா?

பட்டறைக்காரர்:
சுத்தி மூடுங்க. கொக்கி அழுத்துனா ஓரம் பிசுறும், வெளிம்பையும் ரொம்ப இறுக்க வேணாம்னு சொல்லுங்க.