மறுமொழி: தொட்டிக்குள் வேர் சுருண்டுபோவதற்கு ஒரு சொல் – ‘வேர்ச்சுற்று’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கவனிப்பாரற்று வாடிய தொட்டிச்செடிகளைத் தேற்ற நாம் எழுதும் கையேட்டுக்கு, ‘ரூட் பவுண்ட்’ (தொட்டியில் இடம் போதாமல் வேர் சுருண்டுகொள்ளும் நிலை) என்பதற்கு இதுவரை வேர்முடிச்சு, வேர்க்கட்டு, வேர்நெருக்கம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

> வேர்முடிச்சு என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

ஐயா, அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தக்காளி, கத்தரி வேர்களில் நூற்புழு புகுந்து முண்டு முண்டாக வீங்குவதைத்தான் வேளாண்துறையினர் வேர்முடிச்சு என்கிறார்கள், அதை உண்டாக்கும் புழுவுக்கு வேர்முடிச்சு நூற்புழு என்றே பெயர். நம் கையேட்டைப் படிப்பவர் தொட்டியில் இடம் போதாத செடிக்குப் புழு மருந்து வாங்கப் போய்விடுவார்.

> பவுண்ட் என்றால் கட்டுண்டது, ஆகவே வேர்க்கட்டு.

அண்ணா, கட்டு என்றதும் யாரோ வெளியிலிருந்து கட்டியது போலத்தான் தோன்றுகிறது. இங்கே யாரும் கட்டவில்லை. வேர் நுனி தொட்டிச் சுவரைத் தொடுகிறது, மேற்கொண்டு போக வழியில்லை, சுவரை ஒட்டியே வளைந்து சுற்றத் தொடங்குகிறது. நடப்பது சுற்றல். வேர்நெருக்கம் என்பதோ, நெருக்கி நடுவதை, அதாவது செடிக்கும் செடிக்கும் இடைவெளி குறைவதை நினைவூட்டும்.

போன வாரம் ஒரு அலுவலகப் படிக்கட்டு ஓரம் கிடந்த ஸ்பைடர் பிளாண்ட் என்ற தொட்டிச்செடியை வெளியே உருவிப் பார்த்தேன். இலைகள் வெளிறி, நுனியெல்லாம் கருகியிருந்தன. பிளாஸ்டிக் தொட்டியின் வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது, மண் விளிம்பு வரை மேலே தள்ளப்பட்டிருந்தது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் ஓரமாகவே இறங்கி மறு நொடி அடித்துளை வழியே வந்துவிடுகிறது, நடுவில் விரல் விட்டால் தூள். தொட்டியைப் பக்கவாட்டில் அமுக்கி உருட்டி இழுத்தபோது தொட்டியின் அச்சாகவே வெளியே வந்தது. பென்சில் பருமனில் வெள்ளை வெள்ளையாக வேர்கள், அடியில் அப்படியே சும்மாடு சுற்றினாற்போல. மண் என்று சொல்ல ஒரு கைப்பிடி தேறினால் அதிகம். இந்தச் செடி நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது, பருத்த வேரில் நீரைச் சேர்த்துவைக்கும், அதனால்தான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது.

இதைப் பார்த்தபின் எனக்கு வேறு சொல் தோன்றவில்லை: வேர்ச்சுற்று.

இதற்குத் தனிச்சொல் வேண்டும் என்று நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், வேரழுகல். வேர் அழுகினாலும் செடி துவளும், வேர் சுற்றிக்கொண்டாலும் துவளும், இலை மஞ்சளாவதும் இரண்டிலும் உண்டு. மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஆனால் அழுகலுக்குத் தண்ணீரை நிறுத்தவேண்டும், வேர்ச்சுற்றுக்கோ நனைவதற்கே மண் இல்லை. தமிழில் இரண்டையும் ‘வேர்ப் பிரச்சினை’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம், துவண்ட செடியைக் கண்டதும் எல்லாரும் தண்ணீரை ஊற்றுகிறார்கள், பாதிச் செடிகள் அதிலேயே போகின்றன. உருவிப் பார், பழுப்பாகிக் குழைந்து நாறினால் வேரழுகல், வெள்ளையாக விறைப்பாகச் சுருண்டிருந்தால் வேர்ச்சுற்று என்று கையேட்டில் ஒரே வரியில் எழுத முடியவேண்டும். ஒரே வார்ப்பில் இரண்டு சொல் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துக்காட்டலாம்.

நகச்சுற்று நினைவுக்கு வந்து இது ஒரு நோய் போல ஒலிக்கும் என்று யாராவது சொல்லலாம். ஒலிக்கட்டும், ஆனால் விளக்கத்தில் ‘நோய்’ என்று மட்டும் எழுதவேண்டாம். லேசான வேர்ச்சுற்று இருக்கும்போதும் ஸ்பைடர் பிளாண்ட் கொடி விட்டுக் குட்டிகளைத் தொங்கவிடும். அது ஒரு நிலை, முற்றினால்தான் தொந்தரவு.

இலக்கணமும் ஒத்துழைக்கிறது. பெயராக வரும்போது வேர்ச்சுற்று. வினையாக வரும்போது எழுவாய்த் தொடர், வல்லினம் மிகாது: வேர் சுற்றிவிட்டது, வேர் சுற்றிய செடி. அடியில் சுருளும் அந்த வேர் மெத்தைக்கு வேர்ச்சும்மாடு என்று வைத்தால் செய்முறையை எழுதுவதும் சுலபம். முதலில் தொட்டியோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை ஊறவை. அப்புறம் உருவி, வேர்ச்சும்மாட்டைக் கத்தியால் அறுத்து எடு. பக்கவாட்டு வேர்களை விரலால் பிரி, பிரியாவிட்டால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கீறு. புதுத் தொட்டி பழையதைவிட ஓரிரு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ஆசைப்பட்டுப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, வேர்ச்சுற்றிலிருந்து தப்பியது வேரழுகலில் மாட்டிக்கொள்ளும். மண் கலவைக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மணல். நிழலில் வை, புதுத் துளிர் வரும்வரை வேறு உரம் கூடாது.

இன்னொன்று. மரக்கன்றுகளுக்கும் இந்தச் சொல் பொருந்தும். பாலித்தீன் பையில் அளவுக்கு மீறி வைத்திருந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். அப்படியே நட்டால் பிடிமானம் இல்லாமல் பிற்பாடு காற்றில் சாயும். வனத்துறையினரும் நாற்றுப்பண்ணைக்காரர்களும் நாள்தோறும் கையாளும் விஷயம் இது, அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் புழங்கினால் என் சொல்லை மகிழ்ச்சியோடு விட்டுத்தருவேன். உங்கள் ஊர்ப் பண்ணையில் பை மாற்றும் அம்மாக்களிடம் ஒரு சுருண்ட கன்றைக் காட்டி, “இதை என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.