புரோஸ்டேட் அழற்சி: மூணாவது வகைக்கு என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல மெடிக்கல் கேம்ப், எஸ்டேட் ஆளுங்களுக்கும் மலைக் கிராமத்துக்காரங்களுக்கும் குடுக்க ஒரு பக்க நோட்டீஸ், வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போயாகணும். புரோஸ்டேட்ங்கிறது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில இருக்குற சுரப்பி, அதுல வர்ற அழற்சி மொத்தம் 4 வகை. முதலாவது கிருமியால திடீர்னு வர்றது, குளிர்காய்ச்சல் அடிக்கும், ஒண்ணுக்கு அடைச்சுக்கும். ரெண்டாவது கிருமி உள்ளயே தங்கித் திரும்பத் திரும்ப வர்றது. மூணாவதுல 3 மாசத்துக்கு மேல அடிவயித்துலயும் விதைக்குக் கீழயும் வலி, டெஸ்ட் பண்ணா கிருமி இருக்காது. நாலாவதுல ஒரு தொந்தரவும் இல்ல, வேற எதுக்கோ பாக்கும்போது தெரியவரும். 'கடும்', 'நாட்பட்ட' ரெண்டையும் முதல் ரெண்டுக்குப் போட்டுட்டேன். மூணாவதுலதான் நிக்குறேன்.
– ஏற்காடு

தம்பி, முதல்ல அந்த புரோஸ்டேட்டை எடுங்க. கிரேக்கத்துல 'முன்னால நிக்கிறவன்'னு அர்த்தம், அதை 'முன்னிற்கும் சுரப்பி'ன்னு எப்பவோ தமிழாக்கிட்டாங்க. அழற்சி இன்னும் அருமையான சொல். அழல்னா தீ, இங்கிலீஷ்ல சொல்ற 'இன்ஃபிளமேஷன்'னோட லத்தீன் வேரும் தீ மூட்டுறதுதான், சித்த மருத்துவத்துல வாதம், பித்தம், கபத்தை வளி, அழல், ஐயம்னு சொல்வாங்க, பித்தத்துக்கே அந்தப் பேரு. 'வலி' மட்டும் வேண்டாம், வள்ளுவர் வலியறிதல்னு ஒரு அதிகாரமே வச்சாரு, அங்க வலின்னா பலம். நோவுன்னு எழுதுங்க. 1916ல ராஜாஜி கலைச்சொல்லுக்குன்னே சங்கம் வச்ச ஊரு சேலம், இங்க இருந்துகிட்டு புரோஸ்டேட்னு அச்சடிக்கலாமா?
– ஆத்தூர்

ஐயா, மன்னிக்கணும், நான் வார்டுல நிக்கிறவ. முன்னிற்கும்னு சொன்னா எதுக்கு முன்னாலன்னு கேக்குறாங்க, அது மூத்திரப்பைக்கு அடியில மூத்திரக் குழாயைச் சுத்தி இருக்கு. அழல்னதும் 'சூடு பிடிச்சிருச்சு'ன்னு எடுத்துக்கிட்டு தொப்புள்லயும் கால் கட்டைவிரல்லயும் விளக்கெண்ணெய் வச்சு ரெண்டு நாள் ஓட்டிடுறாங்க, முதல் வகையில அதுக்குள்ள கிருமி ரத்தத்துல கலந்துரலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும். மூணாவதுல தலைகீழ், சீட்டுல அழற்சின்னு பாத்துட்டு மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக்கா வாங்கி முழுங்குறாங்க. வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த மூணாவதுதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1995ல வகை பிரிச்சப்பவே இதுக்கு ரெண்டு உட்பிரிவு வச்சாங்க, ஒண்ணுல அழற்சி தெரியும், இன்னொண்ணுல தெரியாது. இல்லாத தீயை எதுக்குப் பேருல வைக்கணும்? 'நாட்பட்ட இடுப்பு வலி'ன்னு போடுங்க.
– அஸ்தம்பட்டி

அக்கா, இடுப்பு வலின்னா நம்ம ஊர்ல மூட்டை தூக்கிப் பிடிச்சுக்கிட்ட வலிதானே, தைலம் கேப்பாங்க. 'இடுப்புக்குழி'ன்னு போட்டா?
– ஓமலூர்

குழின்னா சரி. நோவும் இங்க பேசுறதுதான், வயித்து நோவு, பல்லு நோவுன்னுதானே சொல்றோம்.
– அஸ்தம்பட்டி

அப்ப 'நாட்பட்ட இடுப்புக்குழி நோவு'. அதுக்குக் கீழயே "கிருமி இல்லை, டாக்டர் சொல்லாம ஆன்டிபயாட்டிக் வேண்டாம்"னு ஒரு வரி. சுரப்பிக்கு புரோஸ்டேட்னே விட்டுடுறேன், ஐயா கோவிச்சுக்கக் கூடாது, சீட்டுலயும் ஸ்கேன்லயும் அந்தப் பேருதான் இருக்கு.
– ஏற்காடு

கோவம் இல்ல தம்பி, உடன்பாடும் இல்ல. சொல்லைப் புழங்க விட்டாத்தானே பழகும்? ஒரு ஓரத்துலயாவது 'முன்னிற்கும் சுரப்பி'ன்னு போடுங்க. அப்புறம் 'நாள்பட்ட'ன்னு அச்சாகிடாம புரூஃபை எனக்கு அனுப்புங்க, ளகரம் அங்க டகரமாத் திரியணும்.
– ஆத்தூர்