மறுமொழி: ‘டிஸ்பேச்சபிள்’ மின்சாரத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

வேண்டிய நேரத்தில் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மின்சாரத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘டிஸ்பேச்சபிள்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் இங்கே முன்வைத்த சொற்கள் இவை:

> அனுப்பத்தகு மின்சாரம் / ஏவுமின் / மடைமின்

மூன்றையும் இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். முதலாவது சரிவராது. காற்றாலை மின்சாரத்தையும் கம்பியில் அனுப்பத்தான் செய்கிறோம். வேண்டிய நேரத்தில் கூட்டவும் குறைக்கவும் முடியுமா என்பதுதான் இங்கே பேச்சு. ஏவுமின்னுக்கு இலக்கணம் குறுக்கே நிற்கிறது, வினையடியோடு ‘மின்’ சேர்ந்தால் எழுமின், விழிமின் மாதிரி கட்டளையாகத்தான் காதில் விழும்.

மடை அழகான சொல். ஆனால் ‘மடை திறந்த வெள்ளம்’ என்று கட்டுக்கடங்காததற்குச் சொல்லிப் பழகிவிட்டோமே.

நான் இருப்பது செங்குன்றத்தில். மழைக்காலம் வந்தால் இங்கே டீக்கடை வரைக்கும் பேச்சு ஒன்றுதான்: புழல் ஏரிக்கு வரத்து எவ்வளவு, மதகு வழியாக எத்தனை கனஅடி திறந்தார்கள். வரத்து வானம் பார்த்தது, மதகு நம் கையில் இருப்பது. அதனால் காற்றும் வெயிலும் தருவது வரத்து மின்சாரம். அணை, பேட்டரி, பயோமாஸ் தருவது மதகு மின்சாரம்.

உருகுவேயை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கிணறோ நிலக்கரிச் சுரங்கமோ இல்லாத நாடு. 2008இல் எரிசக்திக் கொள்கை வகுத்து, 2010இல் நாடாளுமன்றக் கட்சிகள் எல்லாம் அதற்கு உடன்பட்டு, அடுத்த சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இருந்த காற்றாலையை மொத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். ரியோ நெக்ரோ ஆற்றில் மூன்று அணைகளும், அர்ஜென்டினாவோடு பங்கிடும் சால்ட்டோ கிராண்டே அணையும் முன்பே இருந்தன. காற்று வீசும்போது அணைநீரைப் பிடித்துவைக்கிறார்கள், ஓய்ந்தால் திறக்கிறார்கள். வரத்தும் மதகும் அப்படியே பொருந்துகிறதா இல்லையா?

‘அப்படியானால் நிலக்கரியும் மதகுதானே?’ என்று யாராவது கேட்கலாம்.

ஆமாம், அதுவும் மதகுதான். ஒடிசா நிலக்கரி பாரதீப்பிலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வந்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எரிகிறது, சாயங்காலத் தேவைக்கு அதைக் கூட்டலாம். ஆனால் இந்த மதகுக்குப் பின்னால் ஏரியில் இருக்கும் ‘தண்ணீர்’, அதாவது நிலக்கரி, விலைக்கு வாங்கியது. நிலக்கரி நின்றால் ராத்திரி விளக்கு எரியாது என்று எங்கள் பக்கம் பலர் பயப்படுகிறார்கள். எரிபொருள் பெயரே இல்லாத ஒரு சொல் இருந்தால், மதகு வேண்டும், அதை வேறு எதில் வைக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேச முடியும். எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

அப்புறம், பண்புப் பெயராக வரும் இடத்தில் ‘மதகுத்தன்மை’ எனக்கே உறுத்துகிறது. அதற்கு யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.