பெயின்ற் உரியாமல் கேபிள் இழுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். றவுட்டர் முன் விறாந்தையில், மகள் படிக்கிற அறை பின்பக்கம். பழைய கல்வீடு, சுவர் நல்ல தடிப்பு, வைஃபை அங்கே போய்ச் சேருவதே இல்லை. அதனால் றவுட்டரிலிருந்து கேற்-6 என்கிற இன்ரநெற் கேபிள் இழுக்க வேண்டும். அது 100 மீற்றர் வரை தாங்கும், தூரம் பிரச்சினை இல்லை.

பிரச்சினை சுவர்தான். வீட்டுக்கார அம்மா ஆசையாக உள்ளுக்கு முழுக்க எமல்ஷன் பெயின்ற் அடித்துத் தந்திருக்கிறா. அதில் ஆணி அடிக்க எனக்கு மனமில்லை. கேசிங்கை (கேபிளை மூடுகிற பிளாஸ்ரிக் உறை) டபுள் ரேப்பில் ஒட்டலாம் என்கிறார்கள். ஆனால் அடியில் பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால், கழற்றும்போது பெயின்றும் பொருக்காகச் சேர்ந்து வந்துவிடும். சூட்டுப் பசையும் அப்படித்தான்.

அதனால் பெயின்றைத் தொடாமல், அடிச்சுவர் ரைல்ஸ் மேலும் கதவு நிலை மரத்திலும் மட்டும் ஒட்டிக்கொண்டு போக யோசிக்கிறேன். தட்டைக் கேபிள் என்றால் கண்ணுக்கும் தெரியாது. கரண்ட் வயரோடு ஒரே கேசிங்கில் போடக்கூடாது என்பது தெரியும். குறுக்கே கடக்கிற இடத்தில் நேர் செங்குத்தாக விடுவேன்.

வாலைக் கீழ்நோக்கி இழுத்தால் கழன்று வரும் ஒட்டுப்பட்டிகளை யாராவது பாவித்தீர்களா? சித்திரை வெயிலுக்கு நிற்குமா? ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கிடைக்குமா? ரைல்ஸ் இல்லாத ஒரு மூலையும் இருக்கிறது, அங்கே என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.